கன்னோசி நகரில் நாம் முகர்ந்தவை

காசிக்குச் சென்று வருபவர் தமக்கு விருப்பமான காய் ஒன்றையும் கனி ஒன்றையும் கங்கையில் விட்டுவர வேண்டும் என்பது மரபு. 2023ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், தந்தையாருக்குப் பிதிர்க்கடன் செய்யும் பொருட்டு நாம் அன்னையாருடன் காசிக்குச் சென்றபோது, அவர் பாகற்காயை விட்டார். பாகற்காயை அவர் ஒருநாளும் விரும்பி உண்டதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் எழுபத்தாறு வயதில் ஒருவர் கங்கையோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையில் நாம் தலையிடலாமா?

பிண்டமிட்டு முடிந்த அன்று மாலை, சத்திரத்து யன்னலோரத்தில் இருந்தபடி அவர் எம்மை அழைத்தார்.

“தம்பி, ஐயாவின்ரை அத்தர் இந்தப் பக்கத்திலைதானே செய்யிறவை?”

அக்கேள்வி எம்மைத் திடுக்கிட வைத்தது. தந்தையார் சிவபதமடைந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் அத்தர் பூசுவதை நிறுத்தியதோ அதற்கும் வெகுகாலத்துக்கு முன்னர். எனினும் அம்மணத்தை நாமும் மறந்தோமல்லோம். நல்லூர்க் கந்தன் சந்நிதிக்கு ஆடவர் மேற்சட்டையின்றியே செல்லவேண்டும். ஆகவே தந்தையார் மிளகளவு பஞ்சை அத்தரில் தோய்த்து, வலக்காதின் மேல்மடலுக்குள் செருகிக்கொள்வார். தேர்த்திருவிழா அன்று அவர் தோளில் ஏறியிருந்த சிறுபருவத்தில், சனத்திரளின் வியர்வை, கற்பூரம், தேங்காய் எல்லாவற்றுக்கும் மேலாக எம் மூக்கருகே கமழ்ந்தது அந்தப் பஞ்சுதான். அது என்ன அத்தர் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. போத்தலில் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருந்ததாகவும் நினைவில்லை. வீட்டில் அதற்கு ஒரே பெயர், ‘அத்தர்’.

அதைக் கொண்டுவந்து தந்தவர் யாழ்ப்பாணத்துச் சோனகதெருவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் வியாபாரி. மிதிவண்டியின் பின்புறத்தில் கண்ணாடி மூடியிட்ட மரப்பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, திருவிழாவுக்கு முன்னர் ஒருமுறையும் தீபாவளிக்கு முன்னர் ஒருமுறையும் எம் படலையில் வந்து மணியடிப்பார். அவரை நாம் ‘அத்தர்க்காரர்’ என்போம். அவரைப் பற்றிப் பின்னர் சொல்லவேண்டியிருக்கிறது.

வட இந்தியாவில் அத்தருக்குப் பெயர்போன இடம் கன்னோசி. இன்று கன்னௌஜ் என்று எழுதுகின்றனர். சரித்திர பாடத்தில் நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் அதே கன்னோசிதான். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனன் தலைநகராக்கிய ஊர். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கண்டு எழுதிய ஊர். ‘இரத்தினாவளி’ நாடகத்தை ஆக்கிய அரசனின் நகரத்தைப் பார்க்கும் ஆவல் எமக்கு நெடுநாளாக இருந்தது. அன்னையாருக்கோ ஹர்ஷனைப் பற்றி எவ்வித அக்கறையுமில்லை. இரண்டு காரணங்களும் ஒரே திசையைக் காட்டியதால், காசியிலிருந்து புகைவண்டியில் கான்பூர் வந்து, அங்கிருந்து வாடகை மோட்டாரில் ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர் தூரம் பிரயாணம் செய்து, ஒரு முற்பகலில் கன்னோசியை அடைந்தோம்.

வழிநெடுகிலும் உருளைக்கிழங்குத் தோட்டங்கள். அறுவடையான கிழங்குச் சாக்குகளைச் சுமந்தபடி குளிர்க் களஞ்சியங்களின் வாசலில் வரிசையாக நிற்கும் உழவு இயந்திரங்கள். வாசனை நகரத்துக்குப் போகும் வழி இதுதானா என்று ஐயுற்றோம். கன்னோசியில் கால்வாய்களிலும் அத்தர் மணம் வீசும் என்று அவ்வூரார் பெருமையாகச் சொல்வதுண்டு. உண்மையை மறைப்பானேன்? கால்வாய்கள் கால்வாய்களைப் போலவே மணத்தன. ஆனால் படா பசார் என்னும் கடைத்தெருவின் ஒடுங்கிய சந்துகளுள் நுழைந்ததும் காற்று மாறிற்று. ஒரு வாசலில் ரோசா, மறுவாசலில் கராம்பு, அடுத்த வாசலில் எரியும் விறகு. அன்னையார் சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தார். அதை மெல்ல எடுத்துவிட்டார்.

அங்கே தலைமுறை தலைமுறையாக வாலை வடிக்கும் குடும்பம் ஒன்றின் பட்டறையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. முதியவர் ஒருவர் அதன் உடைமையாளர். அவருடைய பேரன் ஆங்கிலம் பேசுவான். எமது ஹிந்தி கடையில் விலை கேட்பதோடு நின்றுவிடும். எமக்கும் முதியவருக்கும் நடுவே அவ்விளைஞனே பாலமாயிருந்தான்.

பட்டறை என்றால் இயந்திரசாலை என்று எண்ணவேண்டாம். களிமண்ணும் செங்கல்லும் கொண்டு கட்டிய அடுப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் பெரிய செப்புக் கலம். அதற்குத் ‘தேக்’ என்று பெயர். அதிலே மலரையும் நீரையும் இட்டு மூடி, மூடியின் இடுக்கைப் பஞ்சும் களிமண்ணும் குழைத்து அடைக்கின்றனர். மூடியிலிருந்து கயிறு சுற்றிய மூங்கிற் குழாய் ஒன்று சாய்வாக இறங்கி, பக்கத்திலுள்ள நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும் வேறொரு செப்புக் குடத்தினுள் புகுகின்றது. அக்குடம் ‘பப்கா’. அதனுள்ளே முன்னரே சந்தன எண்ணெய் வார்த்து வைத்திருக்கிறார்கள். மலரின் ஆவி குழாய் வழியே வந்து, தொட்டி நீரின் குளிர்ச்சியால் நீராகி, தன் மணத்தைச் சந்தனத்திடம் ஒப்படைக்கின்றது. பின்னர் குடத்தை ஆறவைத்து, அடியிலே தங்கும் நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் தேக்கினுள் ஊற்றுகின்றனர். அடுத்தநாள் புதுமலர், குடத்தில் இருப்பதோ அதே சந்தன எண்ணெய். இவ்வாறு நாட்கணக்கில் நடக்கும். சந்தனம் இன்றி, மலரினதோ வேரினதோ எண்ணெயை மட்டும் எடுத்தால் அது ‘ரூஹ்’ எனப்படும். ஆன்மா என்பது அதன் பொருள்.

வெப்பமானி எங்கும் காணவில்லை. வேலையாள் ஒருவர் நீர்த்தொட்டிக்குள் கைவிட்டுப் பப்காவின் உடலைத் தடவித் தடவிப் பார்க்கிறார். மேற்புறம் எதுவரை சூடேறியிருக்கிறது என்பதைக் கொண்டு, உள்ளே எவ்வளவு நிரம்பியது என்று அறிந்துகொள்கிறார். சூடு மிஞ்சினால் விறகை இழுக்கிறார்; தேக்கின் மீது ஈரத்துணியைப் போடுகிறார். மலர் வேகலாம், தீயக்கூடாது. சோறு பதம் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களின் கையையே நாம் நினைத்துக்கொண்டோம். அன்னையார் அந்த அடுப்புகளின் முன் அரைமணிநேரம் நின்றார். விறகைத் தள்ளிய விதம் சரியில்லை என்று எம்மிடம் இரண்டு தரம் குறைகூறவும் செய்தார்.

அது ரோசாக் காலம். சூரியோதயத்துக்கு முன் கொய்த மலர்கள் சாக்குகளில் வந்து குவிந்திருந்தன. வெயில் ஏறினால் மணம் பறந்துவிடும் என்பதால் காலையிலேயே தேக்கில் இட்டுவிடவேண்டும். ஒரு கிலோ சுத்தமான ரோசா எண்ணெய்க்கு 3,000 முதல் 5,000 கிலோ வரையில் மலர் வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கைக் கேட்டபின் அதன் விலையைப் பற்றி முறையிட எமக்கு வாய் எழவில்லை. ரோசா எண்ணெயைத் தம் மாமியாரே, அதாவது நூர்ஜகானின் தாயாரே கண்டறிந்தார் என்று மொகலாயச் சக்கரவர்த்தி ஜகாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். மாமியாரை இவ்வளவு மெச்சிய வேந்தர் வேறொருவர் உளரோ என்பது ஐயமே.

பட்டறையை அடுத்திருந்த சிறிய அறையில் வெள்ளை விரிப்பின் மேல் எம்மை இருத்தி, முதியவர் சோதனையை ஆரம்பித்தார். அன்னையார் தேடிவந்த விடயத்தைப் பேரன் எடுத்துரைத்ததும் அவர் முகத்தில் ஒரு தனிக்களை வந்துவிட்டது. பெயரில்லை, மாதிரியில்லை, 1995இன் இடப்பெயர்வில் தந்தையாரின் பழைய சால்வைகளிருந்த றங்குப்பெட்டியும் போய்விட்டது. ஒரு மூதாட்டியின் நினைவு ஒன்றே சாட்சி. நாமாயிருந்தால் கையை விரித்திருப்போம். அவரோ பஞ்சைச் சிறுசிறு உருண்டைகளாக்கத் தொடங்கினார்.

முதலில் ரோசா. பஞ்சில் தோய்த்ததை அன்னையாரின் புறங்கையில் மெல்லத் தொட்டு எடுத்தார். எமக்கு அது ரோசாப்பூவைப் போலத் தோன்றவில்லை. பூவுக்குள் கொஞ்சம் தேனும் கொஞ்சம் மிளகும் இருப்பதுபோல் இருந்தது. சற்று நேரத்தில் அவற்றின் கீழிருந்து சந்தனம் மெல்ல எழுந்தது. அன்னையார் தலையசைத்தார்.

“இது கலியாணவீட்டுப் பன்னீர். ஐயா போட்டது இது இல்லை.”

அடுத்தது மல்லிகை. ‘பேலா’ என்பர். அது ஐயத்துக்கு இடமின்றி மல்லிகையே. எனினும் மாலையில் கட்டிய மல்லிகையன்று; மறுநாட் காலையில் தலையணையில் கிடக்கும் மல்லிகை. எமக்கு அது பிடிக்கவில்லை. மருதோன்றிப் பூவின் அத்தர் எமக்குப் புதிது. இலையின் வாசனையை எதிர்பார்த்து முகர்ந்தால், தேயிலையும் புல்லும் கலந்தது போன்றதொரு நறுமணம் வருகின்றது. மகிழம்பூ அத்தர் இனிமையானது. வாடிய பின்னரும் மணம் மாறாத பூ என்று அதனை நம் புலவர் போற்றுவது சும்மாவன்று.

தாழம்பூ அத்தர் வந்தபோது அறையில் வேறெதற்கும் இடமில்லாமற் போயிற்று. ‘கேவ்டா’ எனப்படும் இத்தைலம் கன்னோசியில் வடிப்பதன்று. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து வருவது. கூர்மையான, ஈரமான, சற்றே வெறியூட்டும் மணம். எமக்குத் தலை நோகத் தொடங்கியது. அன்னையாரோ மகிழ்ந்துபோனார். குமரியாயிருந்த காலத்தில் தாழம்பூ வைத்துப் பின்னல் பின்னிய கதையையும், தாழம்புதரில் பாம்பு கண்டு ஓடிய கதையையும் பேரனுக்குத் தமிழிலேயே சொன்னார். அவன் விளங்கியவன் போலக் கேட்டான். ஆயினும் தந்தையாரின் அத்தர் அதுவுமன்று.

முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துவிட்டது. அப்போது எமது சட்டைக் கையையே சிறிது நேரம் முகருமாறு முதியவர் பணித்தார். தன் உடலின் மணத்துக்குத் திரும்பினால் மூக்கு இளைப்பாறுமாம். பலன் இருந்தது.

வெட்டிவேரின் ரூஹ் அடுத்து வந்தது. பச்சை நிறம். செப்புக் கலத்தில் வடிப்பதனால் அந்நிறம் ஏறுகின்றது. அன்று முகர்ந்தவற்றுள் எமக்கென்று ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னால் இதனையே எடுப்போம். நிழல், ஈரம், கிணற்றடி, பழைய மரம் இவையெல்லாம் அதனுள் உள்ளன. இனிப்பு அணுவளவுமில்லை. அத்தர் என்றால் இனிக்கவேண்டும் என்று எண்ணியிருந்த எமக்கு இது ஒரு பாடமாயிற்று. அன்னையார் சிறிது யோசித்தார். “மண்பானைத் தண்ணி,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பின்னர் முதியவர், பெயர் சொல்லாமல், ஒரு பஞ்சை எம்மிடம் தந்தார். முகர்ந்தோம். எமக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. வெயிலில் வெந்து வெடித்த செம்மண் முற்றத்தில் முதல் மழையின் பெருந்துளிகள் விழுகின்றன. பனையோலை வேலி சலசலக்கின்றது. காயப்போட்ட புழுங்கலை அள்ள எல்லோரும் ஓடுகின்றனர். அப்படியே அந்த மணம். ‘மிட்டி அத்தர்’, அதாவது மண் அத்தர் என்று அதனை அழைக்கின்றனர். கோடையில் வற்றிய குளத்துக் களிமண்ணை வில்லைகளாகத் தட்டி, அரைகுறையாகச் சுட்டு, பூவை வடிப்பது போலவே தேக்கில் இட்டு நீருடன் வடித்து, சந்தனத்தில் சேர்த்துவிடுகிறார்கள். மழைக்கு முந்திய மண்ணிலிருந்து மழையின் மணத்தைப் பிரித்து எடுக்கும் இவ்வித்தையை விஞ்ஞானிகளும் கவனித்திருக்கின்றனர். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பெயர், தோமஸ் என்னும் இருவர் 1964இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், உலர்ந்த நிலத்தின் மணத்துக்குப் ‘பெற்றிக்கோர்’ என்று பெயரிட்டபோது, உத்தரப் பிரதேசத்து மண் அத்தரையும் குறிப்பிட்டனர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ‘சியோஸ்மின்’ என்னும் பொருளும் மழைமணத்தில் ஒரு பங்கு என்பது பின்னர் விளங்கியது.

“இது மழை,” என்றார் அன்னையார். கண் கலங்கியிருந்தது. “ஆனால் ஐயா இல்லை.”

இவ்வாறு நண்பகல் கடந்தது. முதியவர் கடைசியாகச் ‘சமாமா’ என்பதை எடுத்தார். இது ஒரு பூவின் சாரமன்று. கல்பாசி, சடாமாஞ்சில், கோரைக்கிழங்கு, ஏலம், கராம்பு, சாதிக்காய், குங்குமப்பூ என்று பலசரக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வடித்துச் சந்தனத்தில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் சேர்மானத்தை மறைத்து வைத்திருக்கும். ஒட்டகத் தோலினால் செய்த குப்பியில் ஊற்றிவைத்தால், எஞ்சிய ஈரம் தோலின் வழியே வெளியேறி, அத்தர் முதிரும் என்றார். குளிர்காலத்துக்கு உகந்த, கனத்த, உஷ்ணமான வாசனை அது. மருந்துக்கடையும் கோயிலும் ஒன்றானதுபோல் இருந்தது. இதுதான் தந்தையாரின் அத்தராயிருக்க வேண்டும் என்று நாம் தீர்மானித்துவிட்டோம். அவருடைய மிடுக்குக்கு இது பொருந்தும். எம் தீர்மானத்தை அன்னையாரிடம் வற்புறுத்தியும் பார்த்தோம். அவர் எம்மை இரக்கத்தோடு பார்த்தார்.

அப்போது முதியவர் ஒரு கேள்வி கேட்டார். “அந்த வியாபாரி மிதிவண்டியில் வந்தாரா, கடை வைத்திருந்தாரா?”

மிதிவண்டி என்றோம். அவர் சிரித்துவிட்டுப் பேரனிடம் ஏதோ சொல்ல, அவன் எழுந்து உள்ளே போனான்.

அந்த இடைவேளையில் நாம் கேட்டறிந்த சங்கதி ஒன்றைக் கூறவேண்டும். சந்தன எண்ணெயின் விலை ஏறிக்கொண்டே போனதால், கன்னோசியின் பல பட்டறைகளில் பப்காவுக்குள் இப்போது சந்தனத்துக்குப் பதிலாகத் திரவப் பரபினே வார்க்கப்படுகிறது. பரபினுக்குத் தனக்கென்று மணமில்லை, மலிவானது. அதில் ஏற்றிய மணம் சந்தனத்தில் ஏற்றியதுபோல் நேரத்துக்கு நேரம் மாறுவதுமில்லை, ஆழ்வதுமில்லை. மேலும், கன்னோசியின் அத்தருக்குப் பெரிய வாடிக்கை இன்று மனிதருடைய காதுமடலன்று. புகையிலையும் பான்மசாலாவும் செய்யும் தொழிற்சாலைகளே. வைகறையில் கொய்து, கையால் சூடறிந்து, நாட்கணக்கில் வடித்த ரோசா, மெல்லித் துப்பும் எச்சிலில் போய்ச் சேர்கிறது. இது எமக்கு வருத்தமாகவே இருந்தது. அந்த வாடிக்கை இல்லாவிட்டால் அடுப்புகளில் பாதி அணைந்திருக்கும் என்றான் பேரன். அதற்கு நாம் மறுமொழி காணவில்லை. 1991 முதல் அரசாங்கத்தின் வாசனைப்பொருள் அபிவிருத்தி நிலையம் ஒன்றும் இவ்வூரில் இயங்கிவருகின்றது.

பேரன் இரண்டு சிறு போத்தல்களோடு வந்தான். இரண்டும் ‘மஜ்முவா’ என்றார் முதியவர். சேர்க்கை, தொகுப்பு என்பது அச்சொல்லின் பொருள். வெட்டிவேர், தாழம்பூ, மண், கடம்பு ஆகிய நான்கையும் கலந்தது. தெற்காசியா முழுவதிலும் மிதிவண்டியிலும் தலைச்சுமையிலும் விற்றோர் பெட்டிகளில் தவறாது இருந்த அத்தர் இதுவே என்றார். முதற் போத்தல் சந்தனத்தில் செய்தது. இரண்டாவது பரபினில் செய்தது. முதலாவதன் விலைக்கு இரண்டாவதில் இருபது போத்தலுக்கு மேல் வாங்கலாம்.

முதலாவதை முகர்ந்த அன்னையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கிட்ட வந்திட்டுது,” என்றார். இரண்டாவது பஞ்சு மூக்கருகே போனதும், அதை முதியவரின் கையிலிருந்து தாமே வாங்கி, எம் வலக்காதின் மேல்மடலுக்குள் செருகிவிட்டு, எம் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டார். சற்று நேரம் அறையில் ஒருவரும் பேசவில்லை. எமக்கும் சந்தேகமிருக்கவில்லை. அது தேர்த்திருவிழா.

காலையிலிருந்து நாம் முகர்ந்த மண்ணும் வேரும் தாழையும் அதற்குள் இருந்தன. தனித்தனியே வந்தபோது எம் இருவருக்கும் அவற்றில் தந்தையாரைத் தெரியவில்லை. கடம்பைத் தனியே நாம் முகரவில்லை. கடம்பு முருகனுக்கு உகந்த மலர் என்பதைத் தந்தையார் அறிவார். ஆனால் தம் காதிலுள்ள பஞ்சில் அது இருந்ததை அவர் அறிந்திருக்க மாட்டார்.

இந்த இடத்தில் எமது அறியாமை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். “அப்படியானால் அந்த மனிதர் ஐயாவுக்குக் கலப்பு அத்தரைத்தானே விற்றிருக்கிறார்?” என்று நாம் வாய்தவறிச் சொல்லிவிட்டோம். நெடுநாள் கழித்துக் கேட்ட குரலில் அன்னையார் எம்மை அதட்டினார்.

“அவர் ஏமாத்தேல்லை. ஐயா குடுத்த காசுக்கு அது காணும். ஐயா அந்தக் காசையும் குடுக்கேல்லை, தெரியுமோ உனக்கு?”

எமக்குத் தெரியாது. அன்று கான்பூருக்குத் திரும்பும் வழியில், மோட்டார் வண்டியின் பின்னிருக்கையில், அவர் அதைச் சொன்னார்.

1990ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன்பு அத்தர்க்காரர் வந்திருக்கிறார். யுத்தம் மீண்டும் மூண்டு நான்கு மாதம். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய நேரம். அத்தர் யாருக்கு வேண்டும்? தந்தையாருக்குச் சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. வேண்டாம் என்று சொன்னவரிடம், “நல்லநாளும் அதுவுமாய் வெறுங்கையோடை போகமாட்டன், காசைத் தைப்பொங்கலுக்குத் தாங்கோ” என்று ஒரு போத்தலை வைத்துவிட்டு அவர் போயிருக்கிறார். அந்த ஒக்ரோபர் மாதத்தின் கடைசியில், யாழ்ப்பாணத்திலிருந்த முஸ்லிம் மக்கள் அனைவரும், சில மணிநேர அவகாசத்தில், கையில் அற்பப் பணத்தோடு வெளியேற்றப்பட்டனர். தைப்பொங்கல் வந்தது. அத்தர்க்காரர் வரவில்லை.

தந்தையார் அந்தப் போத்தலைத் திறக்கவில்லையாம். காசு கொடுக்காத அத்தரைப் பூசிக்கொண்டு கந்தனிடம் எப்படிப் போவது என்றாராம். அவர் அத்தரை விட்டதற்குக் காரணம் வயதும் விரக்தியும் என்றே நாம் இத்தனை காலமும் எண்ணியிருந்தோம். எமக்கு அப்போது பதினொரு வயது. சோனகதெருவைத் தாண்டித்தான் ரியூசன் வகுப்புக்குப் போவோம். பூட்டிய வீடுகளும், பின்னர் கதவில்லாத வீடுகளும், பின்னர் கூரையில்லாத வீடுகளும் எம் கண்ணில் பட்டன. அத்தர்க்காரர் எங்கே என்று நாம் ஒருவரிடமும் கேட்கவில்லை.

கன்னோசியில் அன்னையார் அந்த மலிவான மஜ்முவாவில் இரண்டு போத்தல் வாங்கியிருந்தார். ஒன்று ஐயாவின் படத்தடியில் வைக்க. மற்றது எதற்கென்று அப்போதுதான் எமக்கு விளங்கியது.

யாழ்ப்பாணம் திரும்பிய மறுவாரம் அவரை அழைத்துக்கொண்டு சோனகதெருவுக்குச் சென்றோம். 2009க்குப் பின் திரும்பிவந்து குடியேறியோர் சிலர் அங்கே கடை வைத்திருக்கின்றனர். பள்ளிவாசலுக்கு அண்மையில் ஒரு கடையில், எம்மைவிடப் பத்து வயது மூத்த ஒருவர் இருந்தார். விடயத்தைச் சொன்னோம். கவனமாகக் கேட்டுவிட்டு, “அவருடைய பெயர் என்ன?” என்றார்.

நாம் அன்னையாரைப் பார்த்தோம். அன்னையார் எம்மைப் பார்த்தார். ஏறக்குறையப் பதினான்கு வருடம் எம் படலைக்கு வந்த மனிதர்; எம் வீட்டுச் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர். பெயர் எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைக்காரர் எம்மைச் சங்கடப்படுத்தவில்லை. மிதிவண்டி என்ன நிறம், பெட்டி இடப்பக்கம் திறக்குமா வலப்பக்கம் திறக்குமா என்றெல்லாம் விசாரித்தார். அக்காலத்தில் அவ்வாறு அத்தர் விற்றவர்கள் இருவர் என்றார். ஒருவர் புத்தளத்தில் அகதி முகாமில் இருந்தபோதே காலமாகிவிட்டார். மற்றவர் இன்னும் புத்தளத்தில் மகளோடு இருக்கிறார். கண் தெரிவதில்லை, பேச்சும் குறைவு. இருவரில் எவர் என்று சொல்ல வழியில்லையே என்றார்.

அன்னையார் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பணத்தையும், கடதாசியில் சுற்றிய போத்தலையும் அவர் முன் வைத்தார்.

“புத்தளத்துக்குப் போறவை ஆரும் இருந்தால் குடுத்துவிடுங்கோ, தம்பி. காசைப் பிறகு குடுக்கலாம். முதல் இதைத் திறந்து அவரை மணக்கச் சொல்லுங்கோ. அவர் எண்டால் அவருக்குத் தெரியும்.”

கடைக்காரர் போத்தலை எடுத்து, மூடியைத் திறவாமலே, ஒருமுறை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். பின்னர் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, எமது தொலைபேசி இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்.